இன்னொண்ணு இருக்குங்க

டீ குடித்து முடித்ததும் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு திறக்கக் கூடாது. மழைக்காலத்தில் எங்கள் குழுவுக்கு இருந்த ஒரே சட்டம் இதுதான். சட்டம் போட்டவர் பல் டாக்டர் முரளி. அதற்கு வேண்டிய சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தைத்துக் கொடுத்தவன் நான். ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் அந்த நீல மணிகள் எனக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஈரத்தைக் குடித்தால் நீலம் போய் ரோஸ் நிறமாகிவிடும். சூடு காட்டினால் மறுபடி நீலம். ஈரக்காற்றில் பையைத் திறந்து திறந்து மூடினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று முரளி ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். ஈறுகளைப் பற்றிப் பேசும்போது இருக்கும் அதே முகம் அப்போதும் இருக்கும்.

அந்தச் சட்டத்தோடு ஒத்துப்போகாத ஒரே ஆள் அந்த அக்கா. எல்லாரும் டீயை முடித்த பிறகும் அவர் தம்ளரில் கடைசி வாய் மிச்சமிருக்கும். ஜிப் இழுபடும் சத்தம் கேட்டதும், தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

"இன்னொண்ணு இருக்குங்க."

இன்னொரு இடம் என்று அர்த்தம். பக்கத்தில்தான், போகிற வழிதான், ஐந்து நிமிஷம்தான். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு 'இன்னொண்ணு அக்கா' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஐந்து பேர் சேர்ந்து படமெடுக்கப் போவோம். தில்லை நகரிலிருந்து முரளி தன் காரில் வருவார். கைலாசபுரம் டவுன்ஷிப்பிலிருந்து செல்வமும் அவர் மனைவி கவிதாவும் ஒரே பைக்கில், ஒரே கேமராவோடு, அதை யார் பிடிப்பது என்ற ஒரே சண்டையோடு வருவார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் அக்காவும், அவரவர் ஸ்கூட்டரில். முக்கொம்பு, கொள்ளிடத்து மணல், கிளியூர் ஏரி என்று வாரத்துக்கு ஒரு பக்கம் சுற்றுவோம். எங்கே போனாலும் எனக்குப் பத்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். மனைவி இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு போன் பண்ணுவாள். மகள் டியூஷனுக்குக் கிளம்பி ஹெல்மெட்டோடு வாசலில் நிற்பாள். அதனால் அக்காவின் தம்ளரில் மிச்சமிருக்கும் அந்தக் கடைசி வாய் என்னைத்தான் அதிகம் எரிச்சல்படுத்தும்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதைத் தொடும் வயது. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கவுன்ட்டரில் வேலை. நாள் முழுக்க நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கு மெதுவாகப் பேச வராமலே போயிருந்தது. "அங்க பாருங்க, மீன்கொத்தி!" என்று அவர் சொன்னால் மீன்கொத்தி உட்பட எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு மீன்கொத்தி இருக்காது. முரளி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "ஸாரி டாக்டர்" என்று அதையும் அதே சத்தத்தில் சொல்வார்.

கணவர் குவைத்தில் இருந்தார். கல்யாணமான கொஞ்ச நாளில் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரே மகன் சென்னையில் வேலை. மகன் வாங்கிக் கொடுத்த நீல ரெயின்கோட் ஒரு அளவு பெரிதாக இருக்கும். கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பார். கேமரா கணவர் கொண்டுவந்தது. அதில் அவர் எடுத்த படங்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. வால் இருக்கும், கிளை இருக்கும், நிறைய வானம் இருக்கும். ஆறு ஒரு பக்கமாகச் சரிந்து ஓடும். "பறந்துடுச்சுங்க. ஆனா இருந்துச்சு," என்று காட்டுவார்.

அவருக்கும் நான் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் கேமரா உறையில் அதைக் காணவில்லை.

"பையனோட சர்டிபிகேட் ஃபைல்ல போட்டுட்டேன் சார். பீரோல ஈரம் ஏறுது. படம் போனா இன்னொண்ணு எடுத்துக்கலாம். சர்டிபிகேட் போனா எங்க போறது?"

இன்னொன்று தைத்துக் கொடுத்தேன். அது எந்த ஃபைலுக்குப் போனது என்று கேட்கவில்லை.

ஒரு தரம் முக்கொம்பில், தூறலில், ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். காலையிலிருந்து அவர் என் பக்கத்தில்தான் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார். நாரை இறங்கினால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார். நாரை எழுந்தால் இறக்குவார். என்னதான் எடுத்திருக்கிறார் பார்ப்போம் என்று, "குடுங்கக்கா" என்று வாங்கினேன். பட்டனை அழுத்தினேன், உயிர் வரவில்லை. கீழே மூடியைத் திறந்தால் பேட்டரியே இல்லை.

"ஐயையோ, சார்ஜ்ல போட்டேன், எடுக்கவே மறந்துட்டேன்," என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து அந்தச் செத்த கேமராவைக் கண்ணில் வைத்து வைத்து எடுத்திருக்கிறார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மூடியைச் சாத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்ற மூன்று பேரிடமும் இதைச் சொல்லவில்லை. எதற்காகச் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. அன்றைக்கும் டீக்குப் பிறகு, "இன்னொண்ணு இருக்குங்க" என்றார்.

அவர் சொன்ன இடங்களில் சில நிஜமாகவே அருமையான இடங்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், எச்சில் இலைகள் கிடக்கும் இடத்தில் நாணல் புதருக்குள் ஒரு தாழைக்கோழி தன் குஞ்சுகளை நடக்கவிட்டுக் கூட்டிப்போனது. செல்வம் எடுத்த அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. கவிதா தான் எடுத்தது என்பாள். கொள்ளிடக் கரையில் ஒற்றைப் பனையில் ஏகப்பட்ட தூக்கணாங்குருவிக் கூடுகளைக் காட்டியதும் அக்காதான். பத்தில் மூன்றுக்கு இப்படி அமையும். மற்றதெல்லாம் வெறும் அலைச்சல். ஆந்தை என்று ஒரு தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். முரளி பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். அது தென்னம்பாளை. காய்ந்து மடங்கிக் கிடந்தது.

"நேத்து இருந்துச்சு," என்றார் அக்கா.

"பாளையா?" என்றாள் கவிதா.

"ஆந்தைதான்டீ. இதே எடத்துல. என்னையே பாத்துச்சு."

திரும்பிப் போகும் வழியெல்லாம் நாங்கள் சிரித்தோம். எந்த வாரம் எங்கே எது இல்லாமல் போனாலும், "நேத்து இருந்துச்சு" என்று எங்களில் யாராவது சொல்வது வழக்கமாகிவிட்டது. ஸ்கேனுக்கு வருகிறவர்கள் வரிசையில் காத்திருக்கும்போது இவருக்கு இடங்களைச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷ ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நிற்கும்போதே கொட்டியது. ஸ்கூட்டரையும் பைக்கையும் அங்கேயே விட்டுவிட்டு எல்லாரும் முரளியின் காரில் ஏறினோம். வீட்டில் இறக்கிவிடுவதாகத்தான் பேச்சு. வண்டி நகர்ந்ததும் அக்கா முன் சீட்டுக்குத் தலையை நீட்டினார்.

"டாக்டர், கிளியூர் போற வழியில ஒரு குட்டைங்க. பாம்புத்தாரா. றெக்கைய விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

பாம்பு மாதிரிக் கழுத்து நீண்ட அந்த நீர்ப்பறவை என்றால் முரளி உடனே வண்டியைத் திருப்பிவிடுவார். போனோம். காருக்குள் ஏசி, வெளியே ஆவி பிடிக்கிற மாதிரி ஈரம். இறங்கிப் பையைத் திறந்ததும் குளிர்ந்திருந்த லென்ஸில் பனி படர்ந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படர்ந்தது. தூறல் வேறு. குட்டையில் ஒரு எருமை மட்டும் இருந்தது. முரளி ஈரத்தோடேயே எல்லாவற்றையும் பைக்குள் திணித்தார்.

சில வாரங்கள் கழித்து லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்கு, கண்ணாடிக்கு உள்பக்கம் சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தன. அந்த ஞாயிறு டீக்கடையில் அதை எங்கள் எல்லாரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அக்கா கடைசியாக வாங்கிப் பார்த்தார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

"உங்களுக்குப் பொழுது போகலைன்னா எங்க லென்ஸத்தான் பலி குடுக்கணுமாக்கா? எருமையப் பாக்கவா அம்புட்டு தூரம் வந்தேன்? எல்லாருக்கும் வீடு இருக்குல்ல? குடும்பம் இருக்குல்ல?"

முரளி கெட்டவர் இல்லை. பல்லைப் பிடுங்கும்போதுகூட மன்னிப்புக் கேட்கிறவர். ஆனால் அன்றைக்கு அந்தக் கடைசிக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். செல்வம் தரையைப் பார்த்தார். கவிதா அக்காவின் கையைப் பிடித்தாள்.

"தப்புதாங்க டாக்டர்," என்றார் அக்கா. முதல் தடவையாக மெதுவாகச் சொன்னார். பிறகு தம்ளரில் மிச்சமிருந்த டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் வராமல் இல்லை. வந்தார். நடந்தார், சேற்றில் இறங்கினார், படமெடுத்தார். டீ குடித்தார், எல்லாருக்கும் முன்னால் தம்ளரைக் கழுவுகிற தொட்டியில் வைத்தார். ஜிப் இழுபட்டது. ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் விரும்பியது கிடைத்துவிட்டது. ஆனாலும் யாரும் வண்டியைக் கிளப்பாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். "சரி, வரேங்க" என்று அவரே முதலில் கிளம்பினார்.

அன்று அவருக்குப் பின்னால்தான் நானும் வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலையில் இடதுபக்கம் திரும்பினால் ஸ்ரீரங்கம். உத்தர வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் அவர் வாடகைக்கு இருந்தார். இன்டிகேட்டர் போடவில்லை. நேராகத் திருவானைக்கோவில் பக்கம் போனார். கொள்ளிடம் பாலத்துப் பக்கம். அந்தப் பெரிய நீல ரெயின்கோட் காற்றில் உப்பிக்கொண்டு போவதைச் சிக்னலில் நின்று பார்த்தேன். பிறகு மனைவியிடமிருந்து போன் வந்தது.

அப்பாவின் திதிக்கு வாழை இலை சொல்லிவிட்டு வர ஒரு வேலைநாள் சாயங்காலம் மேலூர் போனேன். ஸ்ரீரங்கம் தீவின் மேற்குப் பக்கம், வாழைத்தோப்புகள் முடிந்து கொள்ளிடக் கரை ஏறுகிற இடம். மழை விட்டிருந்தது. வரப்போரம் ஒரு ஸ்கூட்டர் நின்றது. கொஞ்சம் தள்ளி, மூங்கில் புதரைப் பார்த்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள். ரெயின்கோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"என்னக்கா இங்க?"

அவர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா ஒருவரைப் பேசாதே என்று சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

"இப்பக் கூப்பிடும், பாருங்க."

நின்றோம். கொசு பிடுங்கியது. பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு விசில், இரண்டு சுரத்தில், ஏறி இறங்கி வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தரம்.

"என்ன பறவைன்னு தெரியல சார். ஒரு வாரமாக் கேக்குறேன். டான்னு ஆறு மணிக்குக் கூப்பிடுது. மணி பாத்துட்டேன்."

"அக்கா, அதுக்குப் பேரே ஆறுமணிக் குருவிதான்."

"சும்மா சொல்லாதீங்க."

"நெசமாத்தான். குளிர்காலத்துல வடக்கேயிருந்து வரும். ஒரே குருவியில அத்தனை கலர் இருக்கும். டாக்டர் வருஷக்கணக்கா இதத் தேடிட்டிருக்காரு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "டாக்டருக்கு வேணும்கிறது என்கிட்டயா இருக்கு?" என்றார்.

"தெனம் வர்றீங்களா?"

"டூட்டி அஞ்சு மணிக்கு முடிஞ்சுடும். நேரா போனா அஞ்சரைக்கு வீட்டுல இருக்கலாம். போயி?" ஹெல்மெட்டின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டார். "தெருவுல எல்லா வீட்டுலயும் லைட் போடுற நேரம் சார் அது. ஒண்ணு ஒண்ணா எரியும். எங்க வீட்ல மட்டும் நான் போயி சுவிட்சத் தட்டுனாத்தான். கீழ நின்னு அந்த இருட்டு ஜன்னலப் பாத்துட்டேதான் படி ஏறணும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அதான் இப்படிச் சுத்திட்டு, எல்லாரும் கதவச் சாத்துனப்புறம் போறது. ஞாயித்துக்கெழமையும் அப்படித்தான். நீங்கல்லாம் கெளம்பிடுவீங்க. அப்புறம் அந்த நாள் பூரா கெடக்கு."

வாழை இலைக்காரர் காத்திருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"அப்ப அந்த இடமெல்லாம்..."

"வாரம் பூரா தேடுவேன் சார். வெறுங்கையோட வந்து இன்னொண்ணு இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா நேத்து இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுத் தன் பழைய குரலில் சிரித்தார். மூங்கில் புதர் அமைதியாகிவிட்டது. "ஆனா இது இருக்கு. நீங்களும் கேட்டீங்கல்ல? நான் சொன்னா டாக்டர் நம்ப மாட்டாரு. நீங்கதான் சாட்சி."

சாட்சி சொன்னேன். முரளி போனில் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "நீங்க உங்க காதால கேட்டீங்களா?" என்று கோர்ட்டில் கேட்பதுபோல் கேட்டார். அந்த ஞாயிறு காலை நடையை ரத்து செய்துவிட்டுச் சாயங்காலம் போவது என்று முடிவானது. எங்கள் குழுவில் அப்படி நடந்ததே இல்லை. கைலாசபுரத்திலிருந்து மேலூருக்கு அத்தனை தூரம் செல்வமும் கவிதாவும் நனைந்துகொண்டு வந்தார்கள். முரளி ஏசி போடாமல், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாதி நனைந்து வந்து சேர்ந்தார். கேமராவை முன்கூட்டியே வெளியே எடுத்து ஈரக்காற்றுக்குப் பழக்கி வைத்திருந்தார்.

அக்கா எங்களுக்கு முன்பே வந்து புதருக்கு எதிரே காய்ந்த வாழைச்சருகைப் பரப்பி வைத்திருந்தார். ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ஆறு மணி ஆனது. தவளை கத்தியது. தூரத்தில் எங்கோ செம்போத்து இருமியது. முரளி கழுத்தில் உட்கார்ந்த கொசுவைக்கூட அடிக்கவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் அக்காவின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். கூப்பிடு, ஒரே ஒரு தரம் கூப்பிடு என்று அந்தக் குருவியை வேண்டிக்கொண்டேன். கோவிலில்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டவன் இல்லை.

கூப்பிடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. புதர் எது, இருட்டு எது என்று தெரியாமல் போனபோது முரளி லென்ஸின் மூடியைப் போட்டார்.

"நேத்து இருந்துச்சுங்க, டாக்டர்," என்றார் அக்கா. குரல் கிட்டத்தட்ட இல்லை.

முரளி அவரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார். "தெரியும்க்கா," என்றார். "சாட்சி இருக்காரே." செல்வமும் கவிதாவும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மழையில் ஐந்து பேரும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். லென்ஸைப் பற்றி எதுவும் பேசாமலே அந்த விஷயம் அதோடு முடிந்துபோனது.

"இவ்வளவு தூரம் நனைஞ்சு வந்துட்டீங்க. வீட்ல வந்து காபி சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார் அக்கா. யாரும் மணி பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அவர் தெருவில் வண்டிகளை நிறுத்தும்போது எல்லா வீடுகளிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் இருட்டு. கவிதாவுக்குத் தலை துவட்ட வேண்டும். "சாவியக் குடுங்கக்கா" என்று பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினாள். பின்னாலேயே செல்வமும் முரளியும் ஏறினார்கள். அக்கா ஸ்கூட்டரைப் பூட்டுகிறேன் என்று கீழேயே நின்றார். நானும் நின்றேன். பூட்டு எப்போதோ விழுந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ நடந்தார்கள். "அக்கா, டவல் எங்க இருக்கு?" என்று கவிதா கத்தினாள்.

"கொடியில பாரும்மா," என்று கீழேயிருந்து தெருவே கேட்கிற மாதிரி பதில் சொன்னார். ஆனாலும் உடனே ஏறவில்லை. ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

அடுத்த தையில் கணவர் குவைத் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். 'இந்த வாரம் வர முடியலங்க' என்று அக்கா வாட்ஸாப்பில் போட்டார். அடுத்த வாரமும் போட்டார். பிறகு போடுவதை விட்டுவிட்டார். ஒரு சாயங்காலம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தார். கொஞ்சம் பருத்திருந்தார். "நிக்க நேரமில்ல சார். அவரு தனியா இருப்பாரு. லைட்டக்கூடப் போடாம டிவி பாத்துட்டிருப்பாரு," என்று ஓட்டமாக ஓடினார். எனக்கு நிறைவாக இருந்தது. அதே சமயம் ஏதோ ஒன்று என்னிடமிருந்து கழன்று போனதுபோலவும் இருந்தது. பிறகு மகனோடு இருக்க இருவரும் சென்னைக்கே போய்விட்டதாகக் கவிதா சொன்னாள்.

அதற்குப் பிறகு பல மழைக்காலங்கள் போய்விட்டன. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். மனைவி தன் வேலையில் அங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். விடுதிச் சாப்பாடு மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு மாற்றல் கிடையாது. தினமும் காலையிலும் ராத்திரியிலும் வீடியோவில் பேசுகிறோம். குறை ஒன்றும் இல்லை. ஞாயிறு நடை இப்போதும் உண்டு. முரளி இருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்; அவர்களிடம் காற்றுப் புகாத பெட்டி இருக்கிறது. டீ குடித்து முடித்ததும் பத்து மணிக்குள் எல்லாரும் போய்விடுகிறார்கள். என் தம்ளரில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

போன வாரம், வேலைநாள், கல்லூரியிலிருந்து வந்தவன் வீட்டுக்குப் போகாமல் என் தெரு முனையிலேயே வண்டியைத் திருப்பினேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. மேலூர் வந்தது. வாழைத்தோப்பில் பாதி இப்போது வீட்டுமனை. மூங்கில் புதர் மட்டும் இருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.

கூப்பிட்டது. அதே இரண்டு சுரம். அவசரமாகப் போனை எடுத்து அக்காவின் நம்பரைத் தேடி அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. குருவி இன்னொரு தரம் கூப்பிட்டது. பிறகு நின்றுவிட்டது.

"யாருங்க?" என்றது அந்தக் கவுன்ட்டர் குரல். நான் பெயரைச் சொன்னதும், "சார்!" என்று கத்தினார். பின்னால் குக்கர் சத்தம், டிவி சத்தம், ஒரு குழந்தையின் சத்தம்.

"அக்கா, மேலூர்ல நிக்கிறேன். ஆறுமணிக் குருவி. கேளுங்க."

போனைப் புதரின் பக்கம் நீட்டினேன். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டே இருந்தேன். தவளைகூட இல்லை, இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்லக் காதில் வைத்தேன்.

"கேக்குதுங்க," என்றார் அக்கா. "நல்லாக் கேக்குது சார்."

அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இருங்க, வரேன். அந்த லைட்டப் போடுங்களேன், இருட்டுதுல்ல," என்றார் யாரிடமோ. பிறகு என்னிடம், மெதுவாக, "சார், வச்சிடட்டுங்களா?" என்றார்.

"ஒரு நிமிஷம்க்கா," என்றேன். "வச்சிடாதீங்க. இன்னொண்ணு இருக்கு."